புளிமூட்டில் வீட்டுப் பசுவின் பேர் என்ன?

கோழஞ்சேரியில் கல்யாணத்தைக் கெடுத்தவனை மன்னித்தாலும் மன்னிப்பார்கள். சாவு வீட்டைக் கெடுத்தவனைப் பேரன் காலத்திலும் விடமாட்டார்கள்.

போன வாரம் ஈப்பன் ஸ்டூடியோ கெடுத்தது கல்யாணம்தான். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து நேரலை நின்றுபோனதும், தோஹாவில் இருந்த பெண்ணின் சித்தி போனில் கூப்பிட்டு ஸ்டூடியோக்காரர்களை வம்சத்தோடு சேர்த்து வைததும் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. படத்தை நிறுத்தியது மழையும் இல்லை, மின்வெட்டும் இல்லை. எவனோ ஒருவன் லட்சக்கணக்கான பொய் ஆட்களை ஏவிவிட்டு ஸ்டூடியோ சர்வரின் வாசலை அடைத்துவிட்டான். பத்திரிகை வைத்து அழைத்த விருந்தாளிகள் உள்ளே வர வழியில்லாமல் வெளிநாட்டில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அது வெறும் ஒத்திகை என்பது இன்று காலையில்தான் ஸ்டூடியோவின் நேரலையை நடத்தும் ஷேர்லிக்குப் புரிந்தது.

புட்டும் கடலையும் ஆறிக்கொண்டிருக்க, பேரில்லாமல் வந்த மெயிலை அவள் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுப் படித்தாள். "இன்றைக்குப் புளிமூட்டில் வீட்டுச் சாராம்மாவின் அடக்கம் உங்கள் நேரலையில் வராது. இனி இந்தத் தொழிலைச் செய்வதில்லை என்று உங்கள் பக்கத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். மானத்தோடு போகலாம்."

"எழுதறதா? எவன்டா அவன்?" மாமனார் ஈப்பச்சன் மேசையில் ஓங்கி அடித்ததில் கடலைக்கறி துள்ளியது. "நான் கேமராவைத் தோள்ல தூக்கும்போது அவங்கப்பன் பால்குடி மறந்திருக்க மாட்டான். செத்தாலும் எழுதமாட்டேன்!"

"உங்க வீராப்பு நல்லாத்தான் இருக்கு அப்பச்சா," என்றான் அவர் மகன் பினோய், ஷேர்லியின் கணவன். "படம் நின்னா ஊர் முன்னாடி போய் நிக்கப்போறது நானு. பேசாம கொச்சி கம்பெனி கேட்டப்பவே கொடுத்திருந்தா..."

"அந்தப் பேச்சை எடுக்காதே!"

கொச்சிக் கம்பெனி இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வருகிறது. இளைய மகன் சோஜன் அவர்களிடமே விற்றுவிடலாம் என்று அப்பனோடு மல்லுக்கு நின்று, கடைசியில் கோபித்துக்கொண்டு அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது அப்பச்சனின் கட்டளை.

ஷேர்லி மெயிலை அழிக்கவில்லை. பதிலும் எழுதவில்லை. அவள் பெங்களூரில் சர்வர் கம்பெனியில் வேலை பார்த்தவள். இந்த மாதிரி மிரட்டலுக்கு ஒரு தடவை தலை வணங்கினால் மறு தடவை காலில் விழச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

"இச்சாயா," என்றாள் கணவனைப் பார்த்து. "சாராம்மாவோட கடைசிப் பொண்ணு லிஜி அயர்லாந்துல நர்ஸா இருக்கா. மாசம் நிறைஞ்சுபோச்சு, ஃபிளைட்ல ஏத்த மாட்டாங்க. முகம் மூடறதுக்கு முன்னாடி பெத்த அம்மச்சியை அவ பார்த்தாகணும். நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்குக் கொடுத்தா போதுமா?"

"எனக்குப் போதும்."

பெரிய கம்பெனிகளின் வீடியோ தளத்தில் போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. பாட்டுக்கு உரிமை எங்களுடையது என்று யாரோ சொல்ல, பாதி ஜெபத்தில் சத்தம் போய்விடும். போதாததற்குச் சவப்பெட்டிக்கு முன்னால் சோப்பு விளம்பரம் வரும். அதற்காகத்தான் ஷேர்லி சொந்தமாக ஒரு சர்வரே கட்டினாள். பெற்றவர்கள் இங்கே, பிள்ளைகள் அங்கே என்று ஆகிவிட்ட ஊரில் அது அரிசிக் கடை மாதிரி ஓடியது.

கேபிள் எப்படி இழுப்பது என்று பார்க்க அவள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது பினோய் சிரித்த முகத்தோடு வாசலிலேயே நின்றான். அவன் சிரித்து ஒரு வாரம் இருக்கும்.

"எடீ, நின்னுடுச்சு! அட்டாக் ஆரம்பிச்சான், நான் நிறுத்திட்டேன்! பெங்களூர்ல உன்னோட வேலை பார்த்த அந்த ரெட்டிக்குத்தான் போன் போட்டேன். ஒரே நிமிஷத்துல வழி சொல்லிட்டாரு. வா, வந்து பாரு!"

ஷேர்லி ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். உண்மைதான். சர்வருக்கு வரும் கூட்டத்தைக் காட்டும் கோடு எகிறி இறங்கிப் பசுமையாகப் படுத்துக்கிடந்தது. ஏற்கெனவே கேமரா நிறுத்தி வைத்திருந்த சாவு வீட்டு முற்றம் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு ஒரு கணம் கணவனைக் கட்டிக்கொள்ளலாம் போலக்கூட இருந்தது. பிறகு ஓரத்தில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் இடத்துக்குக் கண் போனது.

நாலு பேர்.

"இச்சாயா, ரெட்டி என்ன செய்யச் சொன்னாரு?"

"அட்டாக் எல்லாம் வெளிநாட்டுலேர்ந்துதான் வருதாம். வெளிநாட்டை மொத்தமா அடைச்சிடுன்னாரு. அடைச்சிட்டேன்."

ஷேர்லி தலையில் கை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"ரெட்டி ஊருக்கு அது சரி இச்சாயா. நம்ம ஊர்ல வெளிநாட்டை அடைச்சா மிச்சம் யாரு இருக்கா? சாராம்மாவுக்கு அஞ்சு பிள்ளைங்க, அஞ்சும் அஞ்சு தேசத்துல. வர முடிஞ்சது ரெண்டு பேருதான். பேரப்பிள்ளைங்க ஒண்ணுகூட இந்த மண்ணுல இல்ல. இந்த நாலு பேர்ல ரெண்டு பேரு நீங்களும் அப்பச்சனும்!"

பினோயின் சிரிப்பு அப்படியே வடிந்தது. "நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"திருடன் வர்றான்னு கல்யாண வீட்டையே பூட்டிட்டு, பொண்ணு மாப்பிள்ளையையும் வெளியில நிறுத்திட்டீங்க. அவன் ஆசைப்பட்டதும் இதுதானே? அவனுக்குச் செலவே வைக்காம நாமளே செஞ்சு கொடுத்துட்டோம்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அயர்லாந்து எண். லிஜியின் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருந்தது.

"சேச்சி, உங்க நாட்டுக்கு இது கிடையாதுன்னு வருது சேச்சி. எது என் நாடு? அங்க படுத்திருக்கறது என் அம்மச்சி. எனக்குக் கிடையாதுன்னு சொல்ல இவங்க யாரு?"

ஷேர்லிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் பெரிசாக இருந்தது. எவனோ ஒருவன் எங்கேயோ சொகுசாகச் சாய்ந்துகொண்டு, ஒரு மகளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் வந்து நிற்கிறான். நிற்கட்டும், பார்த்துவிடலாம்.

"லிஜி, அழாதே. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. உங்க வீட்டைப் பத்தி, உறவுக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு சொல்லு. வெளியாளுக்குத் தெரியக்கூடாது. பேப்பர்ல வந்த மரண அறிவிப்பில இருக்கக்கூடாது. பேஸ்புக்லயும் இருக்கக்கூடாது."

"இப்ப எதுக்கு சேச்சி அதெல்லாம்?"

"வாசல்ல வெச்சுக் கேக்கறதுக்கு. மெஷினுக்கு உங்க வீட்டுக் கதை தெரியாதில்ல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், நம்ப மாட்டீர்கள், ஒரு சின்னச் சிரிப்பு. "மதாமா."

"யாரு?"

"எங்க பசு சேச்சி. அம்மச்சி வெச்ச பேரு. வெள்ளைக்காரத் துரைசாணி மாதிரி வெள்ளைவெளேர்னு இருக்கும். கழுவாத வாளியில தண்ணி வெச்சா முகத்தைத் திருப்பிக்கும். 'ஆமா, இவ பெரிய மதாமா'ன்னு அம்மச்சி திட்டித் திட்டி அதுவே பேராயிடுச்சு. அதுகிட்ட உதை வாங்காதவங்க எங்க குடும்பத்துலயே கிடையாது."

"போதும்டி. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

ஷேர்லி வெளிநாட்டின் பூட்டைக் கழற்றினாள். பழைய விலாசத்தில் இருந்த நேரலையை எடுத்து, யாரும் அறியாத புது விலாசத்துக்குக் கொண்டுபோனாள். பழைய வாசலில் எழுத்து மட்டும் உள்ள ஒற்றைப் பக்கத்தை வைத்து, அதை எத்தனை இடி விழுந்தாலும் தாங்குகிற பெரிய இணையப் பாதுகாப்புக் கம்பெனிக்காரர்களின் நிழலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே கேள்வி. புளிமூட்டில் வீட்டுப் பசுவின் பேர் என்ன?

சரியாகச் சொன்னவருக்குப் புது விலாசத்துக்கு ஒரு லிங்க் கிடைக்கும். ஆளுக்கு ஒரு லிங்க், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண். மலையாளத்தில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எப்படிக் கோணலாக எழுதினாலும் சரி, பசுவைத் தெரிந்திருந்தால் போதும்.

"சாவு வீட்டுல பசுமாட்டைப் பத்திக் கேட்டா ஊர் சிரிக்கும்டி," என்றான் பினோய் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டே உள்ள வரட்டும்."

பினோய் சர்ச்சுக்குக் கிளம்பினான். மூட்டுவலிக்காரரான அப்பச்சன் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஹாலில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் பிடித்தார்.

"மோளே, எனக்கும் கேள்வி வருதே. நான் வீட்டு ஆளுதானே?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அப்பச்சா. பதில் சொல்லுங்க."

"மதாமா பாலைக் குடிச்சுத்தான் என் பிள்ளைங்களே வளர்ந்தாங்க. என்கிட்டயா கேக்கறே?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கதவு திறந்ததும் பரீட்சையில் பாஸான பையனைப் போலப் பெருமையாக அவளைப் பார்த்தார்.

மத்தியானம் சவப்பெட்டி சர்ச்சுக்குள் வந்த நேரத்தில் மெயில் அனுப்பியவன் முழு பலத்தோடு வந்தான். பழைய வாசலில் பொய் ஆட்கள் வந்து விழுந்தார்கள், விழுந்துகொண்டே இருந்தார்கள். ஒருவனுக்கும் பசுவைத் தெரியவில்லை. ஷேர்லி காலை ஆட்டிக்கொண்டு அதைப் பார்த்தாள். "முட்டுடா, நல்லா முட்டு. மண்டைதான் உடையும்," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

உண்மையான ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மஸ்கட், குவைத், மெல்பர்ன், ஹூஸ்டன். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பசு தெரியாது. அதுகள் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டன. சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒரு பெரியப்பாவுக்குக்கூட ஹூஸ்டனிலிருந்து போன் போனதாம். "பெரியப்பா, பசு பேரு என்ன?" என்று மொட்டையாகக் கேட்ட பையனிடம் அந்த மனிதர் பேரைச் சொல்லிவிட்டு, வெகுநேரம் பசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம்.

லிஜியும் வந்துவிட்டாள். 'உள்ள இருக்கேன் சேச்சி' என்று செய்தி அனுப்பினாள்.

ஜெபங்கள் முடிந்தன. கடைசி முத்தம் ஆரம்பமானது. வந்திருந்த இரண்டு பிள்ளைகளும் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார்கள். பாதிரியாரான அச்சன் வெள்ளைத் துணியைக் கையில் எடுத்தார். அதை முகத்தில் போட்டுவிட்டால் அப்புறம் யாருக்கும் சாராம்மா இல்லை.

படம் நின்றது.

ஷேர்லி எழுந்தேவிட்டாள். முதலில் கேமரா போச்சு என்றுதான் நினைத்தாள். கேமராவுக்கு ஒன்றும் இல்லை. புது விலாசத்தில், யாருக்கும் தெரியாத விலாசத்தில், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயே வந்துவிட்டான்.

பினோயைக் கூப்பிட்டாள். "இச்சாயா, படம் நின்னுடுச்சு. துணியைப் போட விடாதீங்க. எனக்குக் கொஞ்ச நேரம் வேணும்."

"அச்சன் கையில எடுத்தாச்சுடி! நான் எப்படி..."

"எப்படியாவது! லிஜி இன்னும் கிட்டத்துல முகத்தைப் பார்க்கல. எதையாவது செய்யுங்க!"

ஊர் முன்னால் நிற்க நேருமே என்று காலையில் நடுங்கிய மனிதன். சின்ன வயதில் பாட்டுக் குழுவிலிருந்து குரல் சரியில்லை என்று அனுப்பப்பட்டவன். பினோய் போனை அணைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சர்ச்சின் நடுவில் நின்று, உடைந்த குரலில் அடக்கப் பாட்டு ஒன்றைத் தானாக எடுத்தான்.

ஒரு வரி அவன் தனியாகத்தான் பாடினான். சுருதி எங்கேயோ போய்விட்டது. யாரோ ஒரு பெண்பிள்ளை பின்னாலிருந்து அதைத் தூக்கிப் பிடித்தாள். அப்புறம் வரிசை வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு எடுத்தபின் நடுவில் துணி போடுகிற வழக்கம் எந்த அச்சனுக்கும் கிடையாது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷேர்லிக்கு எல்லாம் போன் வழியாகக் கேட்டது. 'என் புருஷன்டா' என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த நேரமில்லை.

வெள்ளத்தைப் பார்த்தாள். உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து வந்த அத்தனை பொய் ஆட்களும் கையில் ஒரே எண்ணைப் பிடித்திருந்தார்கள். யாரோ ஒருவருக்கு அவள் கொடுத்த ஒரே ஒரு லிங்க். அதைத்தான் லட்சம் பேராகப் பெருக்கியிருக்கிறான்.

அதை வெட்டினால் போதும், எல்லாம் நின்றுவிடும். அந்த லிங்க்கை வாங்கிய ஆள் யார் என்று தெரியவில்லை. அவசரத்தில் பேர் கேட்கத் தோன்றவில்லை. ஒரு பேரனாக இருக்கலாம், கூடப் பிறந்தவளாக இருக்கலாம். சாராம்மாவுக்காக உருகி அழுதுகொண்டிருக்கிற யாரோ ஒரு அப்பாவியின் லிங்க்கை எவனாவது பறித்திருக்கலாம். முகம் மூடும் நேரத்தில் அந்த ஆளின் கண்ணெதிரே அவளே கதவைச் சாத்தப்போகிறாள்.

'கர்த்தரே, பொறுத்துக்கொள்ளும்' என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

படம் ஓடத் தொடங்கியது. பினோய் கேமராவைச் சாராம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். பாட்டின் கடைசி வரி முடிந்தது. அச்சன் துணியை மெல்ல விரித்தார்.

போன் அதிர்ந்தது. லிஜி. 'பார்த்தேன் சேச்சி. தூங்கற மாதிரிதான் இருந்தாங்க. நான் சத்தமா அம்மச்சின்னு கூப்பிட்டேன்.'

ஷேர்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஹாலிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"மோளே! எனக்குப் படம் போயிடுச்சே! என்னை மட்டும் ஏன் வெளியில தள்ளிட்டே?"

ஷேர்லி சட்டென்று திரையைப் பார்த்தாள். எல்லாருக்கும் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டியது ஒரே ஒரு லிங்க்.

மெதுவாக எழுந்து ஹாலுக்கு வந்தாள். அப்பச்சன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச்சா, உங்க லிங்க்கை யாருக்காவது அனுப்பினீங்களா?"

"நானா? நான் யாருக்கு அனுப்பப்போறேன்?" என்றார். போனைத் திருப்பி மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"அப்பச்சா."

"அதை மட்டும் கேக்காத மோளே."

"கேப்பேன். வேற யாரையும் கேக்க முடியாது, உங்களைத்தான் கேப்பேன். யாருக்கு அனுப்பினீங்க?"

மேசையில் அடித்துக் கர்ஜித்த மனிதர் இப்போது நாற்காலிக்குள் சுருங்கிப்போயிருந்தார். "சின்னவன் பிறந்த கையோட அவன் அம்மா போயிட்டா. சாராம்மாதான் மடியில போட்டுப் பால் புகட்டினா. அவனும் கடைசியா ஒரு தடவை பார்க்கட்டும்னு..." கவிழ்த்த போனை இன்னும் அழுத்திப் பிடித்தார். "தினமும் பேசிட்டுத்தான் இருக்கேன் மோளே. உங்களுக்குத் தெரியாம. அவன் என் பிள்ளை."

ஷேர்லிக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. அடுத்த நொடியே அது பாவமாகிப்போனது. எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பிள்ளைதான், இல்லன்னு யாரு சொன்னா? லிஜியும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே அப்பச்சா?"

அவள் கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தார். கடைசியாகப் பேசிய எண்ணை அவள் அழுத்தினாள்.

ஒரே மணியில் எடுத்துவிட்டான். காத்துக்கொண்டே இருந்திருப்பான் போல.

"அப்பச்சா?" என்றான் சோஜன். மூச்சு வாங்கியது. "லைவ் நின்னுடுச்சா?"

பயந்து கேட்கிறானா, ஆசைப்பட்டுக் கேட்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. அப்பச்சன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிக்கல சோஜா," என்றாள் அவள். "இனியும் நிக்காது. பேசறது ஷேர்லி."